சமூக எரிசக்திச் சங்கத்தில் தகவல்தொடர்பு வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டனில் ஊர்க்காரர்களே பணம் போட்டு, பள்ளிக்கூடக் கூரையில் சோலார் பேனலும் மேட்டு நிலத்தில் காற்றாலையும் நிறுவி, வரும் வருமானத்தை ஊருக்கே திருப்பும் சங்கங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் தகவல்தொடர்பு வேலைக்குச் சேர்பவர்கள் பத்திரிகையிலிருந்தோ விளம்பரத் துறையிலிருந்தோ கவுன்சிலிலிருந்தோ வருகிறார்கள். எழுதத் தெரியும், மின்சாரம் புதிது, சங்கச் சட்டம் அதைவிடப் புதிது. முதல் ஆறு மாதத்தில் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

கேட்டவர்களில் தமிழ்நாட்டுக்காரரும் உண்டு, ஈழத்தவரும் உண்டு. கேள்விகளை அவரவர் பேச்சிலேயே விட்டிருக்கிறோம். பதில்கள் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்குப் பொருந்தும். வட அயர்லாந்தில் சங்கச் சட்டமும் மின்சந்தையும் வேறு.

சமூக எரிசக்தி அமைப்புன்னா என்ன? தொண்டு நிறுவனமா, கம்பெனியா?

பெரும்பாலும் இரண்டுமில்லை, சங்கம். 2014-ஆம் ஆண்டின் கூட்டுறவு மற்றும் சமூக நலச் சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதிவானவை. கூட்டுறவுச் சங்கம் உறுப்பினர்களின் நன்மைக்காக நடப்பது. சமூக நலச் சங்கம் உறுப்பினர் அல்லாதவர்களையும் சேர்த்து ஊருக்காக நடப்பது. இரண்டிலும் நூறு பவுண்டு போட்டவருக்கும் பத்தாயிரம் போட்டவருக்கும் ஒரே ஓட்டுதான். சில இடங்களில் சமூக நலக் கம்பெனி என்ற வடிவமும் உண்டு. பிரிஸ்டலின் லாரன்ஸ் வெஸ்டன் பகுதியில் 2023-இல் இயங்கத் தொடங்கிய 4.2 மெகாவாட் காற்றாலை அப்படிப்பட்ட ஒரு கம்பெனியின் சொத்து.

வரலாறு கேட்டால் கம்ப்ரியாவின் பேவிண்ட் கூட்டுறவில் தொடங்குங்கள். 1996-இல் ஸ்காண்டிநேவிய முறையைப் பார்த்து உருவானது; பங்கு விற்று ஹார்லாக் ஹில்லில் இரண்டு காற்றாலைகளை வாங்கியது. உங்கள் சங்கம் எந்த வடிவம் என்பதை முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். ஏனென்றால் "தொண்டு நிறுவனம்" என்று தவறாக எழுதிவிட்டால், பணம் போடுகிறவர் அதை நன்கொடை என்று நினைப்பார், அல்லது வரிச்சலுகை கிடைக்கும் என்று நினைப்பார்.

தொடர்பு அலுவலர்னா போஸ்டர் அடிக்கிறதும் ஃபேஸ்புக்ல போடுறதும்தானே?

அது கால்வாசி. மீதி முழுக்க உறுப்பினர்களுடனான வேலை: ஆண்டுப் பொதுக்கூட்ட அறிவிப்பு, ஆண்டறிக்கை, பங்கு வெளியீட்டு ஆவணத்தைப் படிக்கிற மாதிரி எழுதுவது, கூரை தரும் பள்ளிக்கும் பெற்றோருக்கும் விளக்கம், கவுன்சில் திட்ட அனுமதிக்கு முன் அக்கம்பக்கத்தாருடன் கூட்டம், பழுது நேர்ந்தால் தகவல். ஒரு மின் கம்பெனியின் வாடிக்கையாளருக்குப் பில் சரியாக வந்தால் போதும். இங்கே அஞ்சலைப் பிரிக்கிறவர் முதலாளி. அவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு, கேட்பார். ஆகவே இந்த வேலையில் அழகாக எழுதுவதைவிடச் சரியாக எழுதுவதற்கு மதிப்பு அதிகம். ஒரு தவறான எண் பத்து நல்ல படங்களின் பலனைக் கெடுத்துவிடும்.

முதல் மாதம் என்ன செய்ய வேணும்? எதிலிருந்து தொடங்கிறது?

எதையும் வெளியிடாமல் படியுங்கள். சங்கத்தின் விதிகள், கடைசி மூன்று ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்புகள், கடைசிப் பங்கு வெளியீட்டு ஆவணம். பொதுக்கூட்டக் குறிப்பில் உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளைத் தனியே எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்திலும் ஏறக்குறைய அவையேதான் வரும்.

இரண்டாவது வாரம், ஒவ்வொரு கூரைக்கும் ஒரு பக்கத் தகவல் தாள் தயாரியுங்கள். நிறுவிய நாள், திறன் எத்தனை கிலோவாட், போன ஆண்டு தந்த யூனிட், எதிர்பார்த்த யூனிட், செலவு, கட்டடம் யாருடையது, குத்தகை எந்த ஆண்டில் முடிகிறது, மின்சாரத்தை யார் வாங்குகிறார், யூனிட்டுக்கு அரசே விலை நிர்ணயித்த பழைய திட்டமான ஃபீட்-இன் டாரிஃபில் இருக்கிறதா. இவ்வளவும் ஒரே இடத்தில் இருக்கும் சங்கங்கள் குறைவு. பொருளாளர் கணக்கில் ஒன்று, இணையதளத்தில் ஒன்று, கூரையடியில் தொங்கும் பலகையில் ஒன்று என்று மூன்று எண்கள் இருக்கும். எது சரி என்று பொருளாளரும் தொழில்நுட்பம் பார்க்கிறவரும் ஒப்புக்கொண்டு தேதி போட்ட பிறகு, அந்தத் தாளைத் தவிர வேறெங்கிருந்தும் எண்ணை எடுக்காதீர்கள்.

மூன்றாவது வாரம், பத்து உறுப்பினர்களுக்குத் தொலைபேசியில் பேசுங்கள்; புதிதாகச் சேர்ந்தவர், பத்தாண்டாக இருப்பவர், கூட்டத்துக்கு வராதவர் என்று கலந்து. ஏன் பணம் போட்டீர்கள் என்று மட்டும் கேட்டு, அவர்கள் சொல்லும் சொற்களை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். ஒரு முறையாவது கூரைக்குப் போய் வாருங்கள். படம் எடுப்பதென்றால், விளிம்புத் தடுப்பும் பாதுகாப்புக் கயிறும் இல்லாமல் யாராவது கூரையில் நிற்கும் படத்தை எடுக்கவும் வேண்டாம், வெளியிடவும் வேண்டாம். பள்ளி என்றால் பிள்ளைகளின் படத்துக்குப் பெற்றோரின் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும்.

கிலோவாட், கிலோவாட் மணி... எப்பவும் குழம்புது. சுலபமா சொல்லுங்களேன்.

கிலோவாட் என்பது வேகம். கிலோவாட் மணி என்பது அளவு. குழாயில் தண்ணீர் எவ்வளவு வேகமாக வருகிறது என்பது முன்னது. குடத்தில் எவ்வளவு சேர்ந்தது என்பது பின்னது. 2 கிலோவாட் ஹீட்டர் மூன்று மணி நேரம் ஓடினால் 6 கிலோவாட் மணி. தமிழில் உங்களுக்கு ஒரு வசதி: ஒரு கிலோவாட் மணியைத்தான் நாம் காலங்காலமாக "ஒரு யூனிட்" என்கிறோம். பாட்டிக்கும் தெரிந்த சொல். அதையே பயன்படுத்துங்கள்.

மனதில் வைக்க ஒரு கணக்கு. பிரிட்டனில் ஒரு கிலோவாட் சோலார், கூரையின் சாய்வையும் திசையையும் பொறுத்து, ஆண்டுக்கு 850 முதல் 1,000 யூனிட் தரும். ஆகவே 50 கிலோவாட் கூரை சுமார் 45,000 யூனிட். தடையில்லாமல் முழுத் திறனில் ஓடினால் வந்திருக்கக்கூடியதில் இது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நிலத்துக் காற்றாலை ஆண்டுச் சராசரியில் கால்பங்கை ஒட்டித் தரும். "50 கிலோவாட் மின்சாரம் தயாரித்தோம்" என்று எழுதினால் அது பிழை. "50 கிலோவாட் திறனுள்ள கூரை, சென்ற ஆண்டு 45,000 யூனிட் தந்தது" என்பது சரி.

இந்த வேறுபாடு எல்லோருக்கும் தெரிந்த ஓர் இடம் உண்டு: ஸ்காட்லாந்தின் எய்க் தீவு. 2008-இல் தீவு மக்கள் காற்று, நீர், சூரியன் மூன்றையும் இணைத்துத் தங்களுக்கென ஒரு மின்கட்டமைப்பை ஏற்படுத்திக்கொண்டார்கள். வீட்டுக்கு ஒரே நேரத்தில் 5 கிலோவாட், தொழிலிடத்துக்கு 10 கிலோவாட் என்று வரம்பு. கெட்டிலும் அடுப்பும் சலவை இயந்திரமும் ஒரே நேரத்தில் ஓடினால் வரம்பை முட்டும் என்பதால், அங்கே கிலோவாட் என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

"200 வீடுகளுக்கு மின்சாரம்"னு எல்லாரும் போடுறாங்க. நாங்களும் போடலாமா?

போடலாம், கணக்கைக் கூடவே போட்டால். ஒரு சாதாரண வீட்டின் ஆண்டு மின்நுகர்வு என்று கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம் ஓர் எண் வைத்திருக்கிறது. 2023 அக்டோபரில் அது 2,900 யூனிட்டிலிருந்து 2,700 ஆகக் குறைந்தது. எண்ணை அவ்வப்போது திருத்துவார்கள். எழுதும் நாளில் எது நடப்பில் இருக்கிறது என்று பாருங்கள். 45,000 யூனிட்டை 2,700-ஆல் வகுத்தால் 16 வீடுகளும் கொஞ்சமும். முன்பு 2,900-ஆல் வகுத்திருந்தால் 15. கூரை மாறவில்லை, வகுக்கும் எண்தான் மாறியது. ஆண்டைக் குறிப்பிடாத எண் இப்படித்தான் உறுப்பினர் முன்னால் உங்களைத் தடுமாற வைக்கும்.

இன்னொரு சிக்கல், "வீடுகளுக்கு" என்ற வேற்றுமை உருபு. பள்ளிக்கூரையின் மின்சாரம் பள்ளிக்குத்தான் போகிறது. "16 வீடுகளின் ஓராண்டுப் பயன்பாட்டுக்கு நிகரான அளவு" என்று எழுதுங்கள். "வீடுகளுக்கு" என்று எழுதினால் அடுத்த வாரமே யாராவது "எங்கள் தெருவுக்கு எப்போது வரும்?" என்று கேட்பார்.

நியாயமான கேள்விதானே? பள்ளிக்கூடக் கூரைக் கரண்ட்டை ஏன் எதிர்வீட்டுக்கு விற்க முடியாது?

கம்பி சங்கத்துடையது இல்லை. வீடுகளுக்கு மின்சாரம் விற்கப் பொதுவாக வழங்குநர் உரிமம் வேண்டும். அந்த உரிமத்துக்கான அமைப்புச் செலவு சிறு சங்கத்தால் தாங்கக்கூடியது அல்ல. அதனால் வழக்கமான ஏற்பாடு இது: கூரை தருகிற பள்ளியோ மருத்துவமனையோ சங்கத்திடம் ஒரு நீண்டகால ஒப்பந்தத்தில், வெளிச்சந்தையைவிடக் குறைந்த விலைக்கு யூனிட்டை வாங்கும். மிச்சம் பொதுக் கம்பிக்குப் போய், ஏதாவது ஒரு மின் கம்பெனி அதற்குப் பணம் தரும்.

2010 ஏப்ரலில் தொடங்கிய ஃபீட்-இன் டாரிஃப், ஒவ்வொரு யூனிட்டுக்கும் அரசு நிர்ணயித்த விலையைப் பல ஆண்டுகளுக்கு உறுதி செய்தது. 2019 மார்ச் இறுதியோடு புதியவர்களுக்கு மூடப்பட்டது. 2020 ஜனவரி முதல் இருப்பது ஸ்மார்ட் எக்ஸ்போர்ட் கேரண்டி. இதில் விலையை மின் கம்பெனியே வைக்கிறது. பழைய கூரைக்கும் புதிய கூரைக்கும் வருமானம் ஏன் வித்தியாசப்படுகிறது என்ற கேள்விக்கு இதுதான் பதில். பக்கத்து வீடுகளோடு பகிர்ந்துகொள்ளும் முயற்சிகளும் உண்டு. வேல்ஸின் பெத்தெஸ்டாவில் 2016 முதல் உள்ளூர் நீர்மின்சாரத்தை வீடுகள் பகிர்கின்றன. ஆனால் அதிலும் உரிமம் உள்ள ஒரு மின் கம்பெனி நடுவில் இருக்கிறது.

ஷேர் எண்டால் ஸ்டாக் மார்க்கெட் மாதிரியோ? விலை ஏறினால் விற்கலாமோ?

விற்க முடியாது, விலையும் ஏறாது. ஒரு பவுண்டு பங்கு எப்போதும் ஒரு பவுண்டுதான்; சங்கம் நொடித்தால் அதற்கும் கீழே போகலாம், மொத்தமும் போகலாம். வேறொருவருக்கு மாற்ற முடியாது. சங்கத்திடமே திருப்பிக் கேட்க வேண்டும். முதல் சில ஆண்டுகள் திரும்பத் தர மாட்டோம் என்று ஆவணத்தில் இருக்கும். அதன் பிறகும் இயக்குநர்கள் சம்மதித்தால்தான், கையில் பணம் இருந்தால்தான். தனி நபர் ஒருவர் ஒரு சங்கத்தில் வைத்திருக்கக்கூடிய உச்சம் 1,00,000 பவுண்டு.

ஆண்டுக்கு ஒரு முறை கிடைப்பது பங்கு வட்டி. லாபப் பங்கு என்று எழுத வேண்டாம். வரிக் கணக்கிலும் அது வட்டியாகவே பார்க்கப்படுகிறது. வரி பிடிக்காமல் கொடுக்கப்படுவதால், அதைக் கணக்கில் காட்டுவது உறுப்பினரின் பொறுப்பு. இந்த ஒரு வரியை வட்டி அறிவிப்புக் கடிதத்தில் விட்டுவிட்டால், வரிக் கணக்குக் காட்டும் ஜனவரியில் உங்கள் தொலைபேசி ஓயாது.

பங்கு வெளியீட்டு விளம்பரத்துல எந்தச் சொல்லெல்லாம் எழுதக் கூடாது?

முதலாவது, "எஃப்சிஏ கட்டுப்பாட்டில் உள்ளது". சங்கம் நிதி நடத்தை ஆணையத்தில், அதாவது எஃப்சிஏயில், பதிவாகியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் பங்கு வெளியீட்டை அந்த ஆணையம் சரிபார்ப்பதில்லை. பதிவு வேறு, கண்காணிப்பு வேறு. வங்கி நொடித்தால் பணம் தரும் நிதிச் சேவைகள் இழப்பீட்டுத் திட்டம் இதற்குக் கிடையாது, நிதிப் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மனிடம் முறையிடவும் முடியாது. இந்த மூன்றையும் ஆவணத்தில் மட்டுமின்றி, விண்ணப்பப் பக்கத்திலும் பெரிய எழுத்தில் சொல்லுங்கள்.

இரண்டாவது, "சேமிப்பு", "வைப்பு", "உறுதியான வட்டி", "பாதுகாப்பான முதலீடு". வட்டி எப்போதும் "எதிர்பார்க்கப்படுவது", "இலக்கு". துண்டறிக்கையில் வட்டி விகிதம் இருக்கும் அதே பக்கத்தில் "போட்ட பணத்தை இழக்க நேரலாம்" என்பதும் இருக்க வேண்டும். சமூக ஊடகப் பதிவில் இடமில்லை என்றால் வட்டியை எழுதாமல் விடுங்கள். கண்காணிப்பு இல்லை என்பதால் எதையும் எழுதலாம் என்று ஆகிவிடாது. பொய்யான தகவலை நம்பிப் பணம் போட்டவர் வழக்குத் தொடரலாம். சமூகப் பங்கு வெளியீடுகளுக்கு வழிகாட்டும் கம்யூனிட்டி ஷேர்ஸ் யூனிட் என்ற அமைப்பு தரும் தரமுத்திரைக்கு விண்ணப்பித்தால், பயிற்சி பெற்ற வெளியாள் ஒருவர் உங்கள் ஆவணத்தைப் படித்துக் கேள்வி கேட்பார். அந்தக் கேள்விகளுக்காகவே அதற்கு விண்ணப்பிக்கலாம்.

"சீட்டு மாதிரி"ன்னு சொன்னா நம்ம ஆட்களுக்குச் சட்டுனு புரியுமே?

புரியும், தவறாகப் புரியும். சீட்டில் தவணை தவணையாகக் கட்டுகிறோம், தேவைப்படும்போது தள்ளி எடுக்கலாம், முடிவுத் தேதி உண்டு, தாய்ச்சீட்டுப் பிடிப்பவர் பொறுப்பு. பங்கில் இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை. அவசரத்துக்கு எடுக்கலாம் என்று நினைத்து மகளின் கல்யாணக் காசைப் போட்டவரிடம் அப்புறம் எந்த ஆவணத்தைக் காட்டியும் பயனில்லை.

ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தைச் சொல்லுங்கள். பங்குப் பணம் கட்டி உறுப்பினர் ஆவது, ஒருவருக்கு ஒரு ஓட்டு, நிர்வாகக் குழுத் தேர்தல், ஆண்டுக் கூட்டம் எல்லாம் தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் பழகியவை. "ஐந்து ஆண்டுக்குத் தேவைப்படாத பணம் என்றால் மட்டும் யோசியுங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். இதனால் சிலர் விலகுவார்கள். விலக வேண்டியவர்கள்தான் அவர்கள்.

வெளியீடு தொடங்கி ரெண்டு வாரம் நல்லா வந்தது. இப்ப அப்படியே நின்னுபோச்சு. என்ன தப்பு செஞ்சோம்?

அநேகமாக எதுவும் இல்லை. பங்கு வெளியீட்டில் பணம் முதல் வாரத்திலும் கடைசி வாரத்திலும்தான் குவியும், நடு வாரங்கள் படுத்துக்கிடக்கும். இதை இயக்குநர்களுக்குத் தொடக்கத்திலேயே படம் வரைந்து காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது வாரம் பதற்றத்தில் வட்டியைப் பெரிதாக்கி விளம்பரம் போடச் சொல்வார்கள்.

ஆறு முதல் எட்டு வாரம் ஓடும் வெளியீட்டுக்கு, மூன்று மாதம் முன்பே வேலை தொடங்க வேண்டும். விருப்பம் தெரிவிப்பவர்களின் பட்டியலைச் சேர்ப்பதுதான் அதில் பெரியது. நடு வாரங்களுக்கென்று செய்திகளை ஒதுக்கி வையுங்கள்: கூரை தரும் பள்ளியின் தலைமையாசிரியர் பேச்சு, நேரில் வந்து கேட்கும் மாலைக் கூட்டம், "இதுவரை வந்த கேள்விகள்" பக்கம். குறைந்தபட்ச இலக்கு, அதிகபட்ச இலக்கு இரண்டையும் எப்போதும் சேர்த்தே சொல்லுங்கள். குறைந்தபட்சம் எட்டாவிட்டால் பணம் என்ன ஆகும், எத்தனை நாளில் திரும்பும் என்பது முதல் நாளிலேயே எழுத்தில் இருக்க வேண்டும். நீட்டிக்கும் அதிகாரம் ஆவணத்தில் இல்லாமல் தேதியை நீட்டிக்காதீர்கள்.

"இத்தனை டன் கார்பனை மிச்சம் பிடித்தோம்" எண்டு எப்பிடிக் கணக்குப் போடுறது?

மேலே வீடுகளுக்குச் சொன்ன அதே விதிதான்: கணக்கும் ஆண்டும் கூடவே வர வேண்டும். பிரிட்டன் கட்டமைப்பு மின்சாரத்தின் ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு கரியமில வாயு என்பதை அரசு ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2024-க்கான எண் சுமார் 0.207 கிலோ. 45,000 யூனிட்டுக்கு 9.3 டன். நிலக்கரி நின்று காற்றாலைகள் பெருகப் பெருக இந்த எண் பொதுவாக இறங்கி வருகிறது. ஆகவே ஐந்தாண்டுக்கு முந்தைய பலகையிலிருந்து டன் கணக்கைப் படியெடுக்காதீர்கள். 25 ஆண்டுக்கு இன்றைய எண்ணால் பெருக்கி ஒரு பெரிய தொகையும் போடாதீர்கள்.

பலர் தவறுகிற இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு 1,000 யூனிட் பசுமை மின்சாரத்துக்கும் ரீகோ என்ற சான்றிதழ் ஒன்று கிடைக்கும். அதை மின்சாரத்திலிருந்து பிரித்து வேறொரு கம்பெனிக்கு விற்கலாம். உங்கள் சங்கம் அதை விற்றிருந்தால், "இந்தப் பள்ளி நூறு சதவீதம் பசுமை மின்சாரத்தில் இயங்குகிறது" என்று நீங்களும் எழுத முடியாது, பள்ளியும் எழுத முடியாது. பொருளாளரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2021-இல் பசுமை விளம்பரங்களுக்கான விதிகளை வெளியிட்டது. 2025 ஏப்ரல் முதல் நுகர்வோரை ஏமாற்றும் விளம்பரங்களுக்கு நீதிமன்றம் போகாமலே அபராதம் விதிக்கும் அதிகாரமும் அதற்கு இருக்கிறது.

காற்றாலை வேண்டாம்னு ஊர்ல எதிர்ப்பு. கூட்டத்துல எப்படிப் பதில் சொல்றது?

கூட்டத்துக்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். இடமும் உயரமும் முடிவான பிறகு கூட்டினால் அது அறிவிப்பு, கலந்துபேசல் ஆகாது. இரண்டு மூன்று இடங்கள் இன்னும் திறந்திருக்கும்போதே கூட்டுங்கள். உயரத்தை எப்போதும் இறக்கையின் நுனி வரை சொல்லுங்கள். இறக்கைகள் சுழலும் அச்சு வரை மட்டும் சொல்லிவிட்டு பின்னால் நுனி உயரம் தெரியவந்தால், அதன்பின் நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள். மேலே சொன்ன லாரன்ஸ் வெஸ்டன் காற்றாலை நுனி வரை 150 மீட்டர். படத்தில் காட்டும்போது எங்கிருந்து, எந்த லென்ஸில் எடுத்தது என்று எழுதுங்கள். வீட்டு வாசல்களிலிருந்தும் எடுங்கள்.

சத்தம், சுழலும் இறக்கையின் நிழல் விட்டுவிட்டு விழுவது, பறவைகள், வீட்டு விலை, யாருக்குப் பணம் என்ற ஐந்து கேள்விகள் கட்டாயம் வரும். முதல் மூன்றுக்கு ஆய்வறிக்கையை எழுதிய நிபுணரே பேசட்டும். கடைசிக்கு நீங்கள் தெளிவாக இருங்கள்: வருமானம் எவ்வளவு, கடன் எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு, யார் தீர்மானிப்பது. இங்கிலாந்தில் 2015 ஜூன் முதல் 2024 ஜூலை வரை நிலக் காற்றாலைகளுக்கு நடைமுறையில் தடையே இருந்தது, ஓர் எதிர்ப்புக்கூடத் திட்டத்தை முடக்கிவிடக்கூடிய நிலை. அது நீங்கிவிட்டது. அதற்காக எதிர்ப்பவரைப் பொருட்படுத்தத் தேவையில்லை என்று நினைக்க வேண்டாம். காற்றாலை அங்கே 25 ஆண்டு நிற்கப்போகிறது, அவரும் அங்கேதான் இருப்பார்.

பில் கட்ட முடியல, மீட்டர்ல காசு தீர்ந்துடுச்சுனு எங்களுக்கு போன் பண்றாங்க. நான் என்ன சொல்லணும்?

நீங்கள் ஆலோசகர் அல்ல, ஆனால் தொலைபேசியை எடுப்பவர். மேசையில் ஒரு தாள் ஒட்டி வையுங்கள். மின்தடை என்றால் 105, எந்த மின் கம்பெனி என்றாலும் அதே எண். எரிவாயு வாசனை என்றால் 0800 111 999, உடனே. காசு போடும் மீட்டர் தீர்ந்துவிட்டால் அவர்களுடைய மின் கம்பெனியிடம் அவசரக் கடன் கேட்கச் சொல்லலாம். முதியவர், கைக்குழந்தை, மருத்துவக் கருவி உள்ள வீடு என்றால் முன்னுரிமைச் சேவைப் பட்டியலில் சேரச் சொல்லுங்கள், அது இலவசம். மற்றதெல்லாம் பயிற்சி பெற்ற எரிசக்தி ஆலோசகருக்கு.

ஆஃப்ஜெம் அறிவிக்கும் விலை உச்சவரம்பைத் தமிழில் எழுதும்போது கவனம் வேண்டும். அது ஒரு யூனிட்டின் விலைக்கும் தினசரி நிலைக்கட்டணத்துக்கும்தான் வரம்பு. செய்தியில் வரும் ஆண்டுத் தொகை ஒரு சராசரி வீட்டுக்கான கணக்கு. அதைத் தாண்டி பில் வராது என்று நம்பி குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள்.

எங்கட கோயில் கூரை பெரிசு. அதில பேனல் போடலாமோ?

போடலாமா என்பதை முடிவு செய்வது நான்கு விஷயங்கள். கட்டடம் கோயிலுக்குச் சொந்தமா, வாடகையா? வாடகை என்றால் உரிமையாளர் 20, 25 ஆண்டுக்குச் சம்மதிக்க வேண்டும். பழைய கிடங்கைக் கோயிலாக்கியிருந்தால் கூரைத் தகடு ஆஸ்பெஸ்டாஸா என்று பார்க்க வேண்டும். கோபுரத்தின் நிழல் எந்த நேரத்தில் எங்கே விழுகிறது? கடைசியாக, மின்சாரம் எப்போது செலவாகிறது? சோலார் உச்சம் நண்பகலில். கோயிலில் கூட்டமும் விளக்கும் காலையிலும் மாலையிலும். மதிய அன்னதானத்துக்கு மின்சார அடுப்பில் சமைக்கிற கோயிலுக்கு லாபம் அதிகம்; மதியம் நடை சாத்துகிற கோயிலில் பெரும்பகுதி குறைந்த விலைக்கு வெளியே போய்விடும், அல்லது பேட்டரி வேண்டும்.

தொடர்பு அலுவலராக உங்களுக்கு ஒரே விதி: அறங்காவலர்களின் முடிவு எழுத்தில் வரும்வரை அடியார்களிடம் ஒரு சொல்லும் போகக் கூடாது. வாட்ஸ்அப்பில் முந்திப்போன செய்தியால் நல்ல திட்டம் கோயில் உள்அரசியலில் சிக்கிவிடும்.

நம்ம ஊர்ப்பக்கம் இப்படி எதுவும் இருக்கா? கூட்டத்துல கேட்கிறாங்க.

இருக்கிறது. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, 2006-இல் வங்கிக் கடனும் சொந்தச் சேமிப்பும் சேர்த்து 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. ஊர்த் தேவைக்குப் போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றது. அங்கே உரிமையாளர் ஊராட்சி, பங்குதாரர்கள் கிடையாது. அந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடுங்கள். இலங்கையின் மலைநாட்டுக் கிராமங்களில் சிறு நீர்மின் திட்டங்களை மின் நுகர்வோர் சங்கங்கள் நடத்தின. பொதுக் கம்பி ஊருக்கு வந்ததும் பல கைவிடப்பட்டன.

உறுப்பினர் இமெயில் பட்டியலுக்குப் புது வெளியீட்டு விளம்பரத்தை அனுப்பலாமா?

பொதுக்கூட்ட அறிவிப்பும் வட்டிக் கடிதமும் உறுப்பினர் என்ற முறையில் அனுப்ப வேண்டியவை, அதற்குத் தனி ஒப்புதல் தேவையில்லை. புதிய பங்கு வாங்கச் சொல்வது விளம்பரம். பங்கு விண்ணப்பத்திலேயே ஒரு கட்டம் வைத்துச் சம்மதம் வாங்கியிருந்தால் தொல்லையில்லை. வேண்டாம் என்றவருக்கு அனுப்பாதீர்கள், ஒவ்வொரு மடலிலும் விலகும் வழி வையுங்கள். பொதுக்கூட்ட அறிவிப்புக்குள் வெளியீட்டு விளம்பரத்தைச் செருகினால் அறிவிப்பும் விளம்பரமாகிவிடும்.

எல்லா முகவரிகளும் எல்லோருக்கும் தெரியும்படி ஒரே மடலில் அனுப்புவதுதான் சிறு சங்கங்களில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. நடந்துவிட்டால் மறைக்காமல் உடனே இயக்குநர்களிடம் சொல்லுங்கள். யாருக்காவது பாதிப்பு நேரலாம் என்றால் 72 மணி நேரத்துக்குள் தகவல் ஆணையர் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

இன்வெர்ட்டர் பழுது, உற்பத்தி குறைஞ்சிடுச்சு. இந்த வருஷம் வட்டியே இல்லைன்னு இயக்குநர்கள் சொல்றாங்க. இதை எப்படி எழுதுறது?

நேராக. பேனலின் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கும் இன்வெர்ட்டர், பத்துப் பதினைந்து ஆண்டில் மாற்ற வேண்டிய பாகம். பங்கு ஆவணத்தில் அதற்கு ஒதுக்கீடு காட்டியிருப்பீர்கள். ஒதுக்கீடு இருந்ததா, போதவில்லையா, எவ்வளவு குறைந்தது என்பதை முதலில் பொருளாளரிடம் உறுதி செய்யுங்கள். பழுது எப்போது தெரியவந்தது என்பதையும் கேளுங்கள். மார்ச்சில் நின்றதை ஜூலையில் கண்டுபிடித்திருந்தால் அதையும் எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் கூட்டத்தில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். வெயில் குறைவு என்று வானிலைமேல் பழியைப் போடுவதற்கு முன் பக்கத்துக் கூரையின் எண்ணைப் பாருங்கள்; அது வழக்கம்போல் தந்திருந்தால் காரணம் வெயில் அல்ல.

கடிதத்தின் முதல் வாக்கியத்திலேயே "இந்த ஆண்டு பங்கு வட்டி இல்லை" என்பது வரட்டும். அடுத்து எதிர்பார்த்த யூனிட், வந்த யூனிட், இழந்த பவுண்டு. பிறகு காரணம், இதுவரை செய்தது, மாற்றும் தேதி, இனி தினமும் அளவைப் பார்க்கப்போவது யார். அதன்பின், அடுத்த தகவல் எந்தத் தேதியில் வரும் என்பது. ஊருக்கான நிதியும் நிற்கிறதா, ஊழியர் சம்பளம் எப்படி என்பதற்கும் ஒரு வரி வையுங்கள். கேட்கத் தயங்குவார்கள், ஆனால் யோசிப்பார்கள். "சவாலான ஆண்டு", "தற்காலிக இடைவெளி" போன்ற சொற்களை அடித்துவிடுங்கள்.

வரிசையும் முக்கியம். இயக்குநர்கள் முடிவெடுத்த பிறகு முதலில் உறுப்பினர்கள், பிறகு கூரை தந்த பள்ளி, பிறகுதான் இணையதளமும் உள்ளூர்ப் பத்திரிகையும். மின்னஞ்சல் இல்லாத உறுப்பினர்களுக்கு அஞ்சலை இரண்டு நாள் முன்னதாகவே போட்டுவிடுங்கள். மற்றவர்களுக்கு மின்னஞ்சல் போகும் காலையில் அவர்கள் கையிலும் கடிதம் இருக்க வேண்டும்.